எண்ணூறு கதிரை

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டன் லெஸ்டர் சதுக்கத்து ஒடியனில் இப்போது திரையில் தெரிகிற கறுப்பு, உண்மையிலேயே கறுப்பு. படத்துக்கு முன்னால் அவர்களே அதைச் செய்து காட்டுகிறார்கள். வெறும் கருந்திரையைக் காட்டி இதுதான் கறுப்பு என்று நம்பவைத்துவிட்டு, அது வெறும் சாம்பல் நிறம் என்று தெரியும்படி இன்னொரு கறுப்பைக் கொண்டுவருகிறார்கள். திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒலி தலைக்கு மேலிருந்தும் இறங்குகிறது. படத்தில் மழை பெய்தால் கை தன்னையறியாமல் தலைக்குப் போகிறது. 2018 ஜனவரியில் மூடி, வருடக் கடைசியில் திறந்தபோது பிரித்தானியாவின் முதல் டொல்பி சினிமா என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்தில் மிகையில்லை. ஒளியும் ஒலியும் இவ்வளவு துல்லியமாக இருந்த காலம் அந்தக் கட்டடத்துக்கு முன்பு வாய்த்ததில்லை.

கதிரைகளும் அப்படித்தான். பொத்தானை அழுத்தினால் கால் மேலே வரும், முதுகு பின்னே போகும். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. நடு இருக்கைக்காரர் தாமதமாக வந்தாலும் நீங்கள் எழும்பி நின்று, வயிற்றை எக்கி, வழிவிடவேண்டியதில்லை. அவர் பாட்டுக்கு நடந்து போவார், அவ்வளவு இடைவெளி. பக்கத்தில் இருப்பவரோடு கைப்பிடிக்காகச் சண்டை கிடையாது. ஆளுக்கொன்று.

எனக்கு அந்தச் சண்டைதான் இல்லாமல் போய்விட்டது.

1937 நவம்பர் 2ஆம் தேதி திறந்தபோது ஒடியனில் 2,116 கதிரைகள். நான் நன்றாகப் பழகிய காலத்தில் ஏறத்தாழ 1,700. இன்று 800. கட்டடம் அதே கட்டடம். கீழ்த்தளமும் மேல்மாடியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வெளியே கருங்கல் பளபளக்கும் முகப்பும், ஒரு பக்கத்தில் 120 அடி உயரக் கோபுரமும் மாறவில்லை. ஒரு மண்டபத்தைக் குறுக்காமல், துண்டுபோடாமல், உள்ளே இருக்கும் மனிதர்களை மட்டும் பாதிக்கும் கீழே குறைக்க முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். பக்கத்து எம்பயர் தியேட்டருக்கு 2013இல் நேர்ந்தது வேறு: பெரிய மண்டபத்தையே வெட்டி இரண்டு திரைகளாக்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒடியன் தப்பித்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அந்த நிலத்துக்குக் கூட்டம் புதிதல்ல. ஒடியனுக்கு முன்பு அங்கே அல்ஹம்ப்ரா என்ற கலையரங்கம் நின்றது. ஸ்பானிய மூர் பாணியில் கோபுரமெல்லாம் வைத்து, பாட்டும் பாலேயும் வித்தையுமாக ஊரையே இழுத்த இடம். 1896 மார்ச்சில் ரொபர்ட் போல் என்ற ஆங்கிலேயர் தான் செய்த கருவியால் அங்கே அசையும் படம் காட்டத் தொடங்கினார். சினிமா இந்த நாட்டில் கண்விழித்த இடங்களில் ஒன்று அது. 1936இல் அதை இடித்தார்கள். ஒடியன் சங்கிலித் தியேட்டர்களின் முதலாளி ஒஸ்கார் டொய்ச்சுக்காக ஹரி வீடனும் அண்ட்ரூ மாதரும் வரைந்த கட்டடம், ஏழே மாதத்தில் எழும்பியது. உள்ளே கூரையும் சுவரும் அலையலையாக வரிவிட்டு, விளக்குகள் அந்த வரிகளுக்குள் ஒளிந்திருந்தன. இரண்டு பக்கச் சுவரிலும் திரையை நோக்கிப் பாய்கிற பெண் உருவங்கள், பிரிட்டன் ரிவியேர் என்ற சிற்பி செய்தவை. கதிரைகளுக்குச் சிறுத்தைப் புள்ளித் துணி. மேடைக்கு முன்னால் ஐந்து அடுக்கு விசைப்பலகை கொண்ட கொம்ப்டன் ஓர்கன், கண்ணாடிக் கூட்டுக்குள் நிறம் மாறி மாறி ஒளிர்ந்துகொண்டு தரைக்குக் கீழேயிருந்து மேலே வரும். அதன் குழாய்கள் மேடைக்கு அடியில்.

இதை நான் பார்த்ததாகச் சொன்னால் பொய். 1967இல் நவீனமாக்குகிறோம் என்று அந்த அலங்காரத்தில் பெரும்பகுதியை வழித்தெடுத்துவிட்டார்கள். பறந்த பெண்கள் போய்விட்டார்கள். எண்பதுகளின் கடைசியில், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், நான் முதன்முதல் உள்ளே போனபோது அது வழவழப்பான, முகமில்லாத ஒரு பெரிய மண்டபம். சுவரில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் நினைவில்லை. ஆட்கள்தான் நினைவில் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் முன்பக்கத்து மலிவு இருக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால், மேல்மாடி மனிதர்களால் ஆன ஒரு சரிவாகத் தெரியும். லண்டனில் நான் அறிந்த மற்ற இடமெல்லாம் ஆட்கள் ஒருவரையொருவர் பாராமல் இருக்கக் கற்றுக்கொண்ட இடங்கள். பாதாள ரயிலில் முகத்துக்கு நேரே பத்திரிகையைப் பிடித்திருப்பார்கள். இங்கே அதே ஆட்கள், அந்நியர்களோடு தோள் இடிக்க, ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பெரிய மண்டபத்தில் சிரிப்பு எல்லோருக்கும் ஒரே கணத்தில் வராது. ஒரு மூலையில் விளங்கியவன் சிரிப்பான். அது பக்கத்து வரிசைக்குப் போகும். மேல்மாடிக்கு ஏறி, திரும்பி வரும்போது வேறொன்றாகியிருக்கும். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. பகிடி பாதி விளங்காது. ஆனாலும் அந்த அலை வந்து அடிக்கும்போது நானும் சிரித்தேன், அடுத்த தடவை எங்கே சிரிக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இந்த நாட்டுக்காரரின் பகிடியை எனக்குப் படிப்பித்தது அந்த மண்டபம்.

1995இல் ‘கோல்டன்ஐ’ அங்கே பார்த்தேன். தொடக்கத்தில் ஓர் அணைக்கட்டின் விளிம்பிலிருந்து பொன்ட் குதிப்பான். அவன் கீழே போய்க்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கயிறு இழுபட்டு நின்றதும், மேலும் கீழும் சேர்ந்து ஒரே மூச்சாக விட்ட காற்றைக் காதால் கேட்டேன். பிறகு அதே படத்தை வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். நன்றாக எடுத்த காட்சிதான். அந்தக் காற்று இல்லை.

பொன்ட் படங்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் பழைய தொடுப்பு. 1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ முதல் காட்சியன்று நெருக்கியடித்த சனத்தில் வாசல் கண்ணாடிக் கதவே உடைந்தது என்பார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’வின் முதல் காட்சிக்கு மகாராணி வந்த இடமும் அதுதான். 2008இல் லண்டன் திரைப்பட விழாவின் நிறைவுப் படமாக ‘ஸ்லம்டோக் மில்லியனேர்’ அங்கே ஓடியது. ரஹ்மானின் இசைக்கு அதைவிடப் பெரிய வாசல் லண்டனில் இருந்திருக்காது. அன்றைக்கு உள்ளே போகும் வசதி எனக்கு இல்லை. சதுக்கத்தில், சாப்ளின் சிலைப் பக்கம், தடுப்புக்கு இப்பால் நின்றேன்.

1998இல் பறக்கும் பெண்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய படங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்த உருவங்கள்; சிறுத்தைப் புள்ளிக் கதிரைகளும் வந்தன. எனக்கு அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாடகத்துக்கு நகை போட்டதுபோல் இருந்தது. கொஞ்சக் காலத்தில் பழகி, அவர்கள் இல்லாத ஒடியனை நினைத்துப் பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். 1937ஐக் கண்ட கிழடுகள் 1967ஐத் திட்டியிருப்பார்கள். அல்ஹம்ப்ராவைக் கண்டவர்கள் 1937ஐத் திட்டியிருப்பார்கள். அந்த வரிசையில் என்னையும் ஒருவனாக நிறுத்தி, கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிடலாம். என் மகள் அப்படித்தான் தள்ளினாள்.

ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. 2018இலும் பெண்களை எடுக்கவில்லை. இருண்ட சுவரில் முன்னைவிட எடுப்பாகப் பறக்கிறார்கள். ஓர்கனைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்காக அழுவதென்றால் நான் அழவேண்டியதேயில்லை. அலங்காரமே இல்லாத மொட்டை மண்டபத்தைத்தானே முதலில் விரும்பினேன்? அல்ஹம்ப்ரா தொடங்கி, 1937, 1967, 1998 என்று எத்தனை சட்டை மாற்றினாலும் அந்த இடம் பெருங்கூட்டத்துக்கான இடமாகவே இருந்தது. இந்தத் தடவைதான் சட்டையை விட்டுவிட்டு ஆளைக் குறைத்தார்கள்.

வியாபாரமாகப் பார்த்தால் குறைசொல்ல முடியாது. ஒடியன் 2016இலிருந்து அமெரிக்கத் தியேட்டர் நிறுவனமான ஏஎம்சியின் கையில். கதிரைகளில் பாதிக்கு மேல் பிடுங்கி எறிந்து, மிச்ச இடத்தில் சாய்வுக் கதிரை போட்டால் வருமானம் கூடும் என்பதை அவர்கள் தங்கள் ஊரில் ஏற்கெனவே கண்டுகொண்டவர்கள். 1,700 பேருக்கான மண்டபம் வாரநாள் மத்தியானத்தில் எப்படி ஈயாடும் என்பதை நானும் கண்டிருக்கிறேன். வீட்டிலேயே சுவரகலத் தொலைக்காட்சி இருக்கும்போது, வீட்டில் இல்லாத ஒன்றைக் கொடுத்தால்தான் சனம் வெளிக்கிடும். அவர்கள் கொடுக்கத் தீர்மானித்தது சொகுசு. திறந்தபோது சிறந்த இருக்கைக்கு 40 பவுண்ஸ் வரை விலை வைத்ததும் பத்திரிகைகள் எல்லாம் கூச்சல் போட்டன. அந்த விலையில் பெற்றோல் நிலையத்துப் பொடியன் ஒருவன் உள்ளே போய்ச் சிரிக்கக் கற்றுக்கொள்ள மாட்டான்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். வீட்டில் இல்லாதது சொகுசா? கால் நீட்டிச் சாய்ந்திருக்க வீட்டில் சோபா இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் அந்நியர்தான் வீட்டில் இல்லை. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் கலரி வாங்கில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஒருவன் அசைந்தால் வாங்கே அசையும். ஒருவன் விசிலடித்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு விரல் தானாக வாய்க்குப் போகும். சாய்வுக் கதிரையில் முதுகு பின்னே போனதும் முகம் மேலே பார்க்கிறது. சிரிப்பு வந்தாலும் மார்போடு நின்றுவிடுகிறது. பக்கத்து ஆள் அழுகிறாரா, நித்திரையா என்று தெரியாது. நிறைந்த காட்சியொன்றில் இருந்தேன். எல்லா இருக்கையும் விற்றிருந்தது. அங்கங்கே சிரிப்புகள் கேட்டன. ஒன்றும் ஒன்றைத் தொடவில்லை.

கூட்டம் வேண்டுமானால் லண்டனில் இடமில்லாமல் இல்லை. ஒடியனிலிருந்து ஒரு தெரு தள்ளி பிரின்ஸ் சார்ல்ஸ் என்ற சின்னத் தியேட்டர். ‘த ரூம்’ என்ற படுமோசமான படத்தை அங்கே போடும்போது, திரையைப் பார்த்து பிளாஸ்டிக் கரண்டிகளை வீசுவதற்கென்றே சனம் வருகிறது. இளசுகள். மகளும் போய்வந்தாள். எங்கள் காலத்தில் கிழக்கு லண்டன் பார்க்கிங் வீதியில் போலின் தியேட்டர் இருந்தது. அதுவும் பிறப்பில் ஒடியன்தான், அண்ட்ரூ மாதர் வரைந்து 1938இல் திறந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிக் கிடந்து, 1995இல் போலின் என்ற பெயரோடு இந்தியப் படங்களுக்காகத் திரும்பத் திறந்தது. தமிழ்ப் படங்களும் வரும். குழந்தைகள் நடைபாதையில் ஓடும். றோல்ஸ் பொதிகள் கைமாறும். தலைவரின் பெயர் திரையில் விழும்போது காது அடைக்கும். அந்தக் கதிரைகளை நல்லவை என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் மூடிப் போய்க் கனகாலம். அதைப் புதுப்பிக்க ஒருவரும் வரவில்லை என்ற நினைப்பு வரும்போதெல்லாம், ஒடியனைப் பற்றிக் குறை சொல்கிற வாய் கொஞ்சம் தணிகிறது.

போன கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் வருத்தக்காரர், பழைய கதிரையில் இரண்டரை மணித்தியாலம் இருத்தியிருக்கவே முடியாது. கோபுரத்தைக் காட்டினேன், பறக்கும் பெண்களைக் காட்டினேன். “உடுப்பில்லாமல் நிக்கினம், பாவம்” என்றார். பொத்தானை நான் அழுத்த, கால்கள் மேலே வந்ததும் அவருக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்கவேண்டும். விளம்பரம் முடிவதற்குள் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்த உண்மையான கறுப்பை அவர் பார்க்கவேயில்லை. தலைக்கு மேல் குண்டுகள் வெடித்தபோதும் எழும்பவில்லை.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில், படம் எப்படி என்று கூட வந்திருந்த மகள் கேட்டாள்.

“கதிரை நல்ல கதிரை. அடுத்த கிழமையும் இதுக்கே வருவம். ஆனா பிள்ளை, இவ்வளவு பெரிய தியேட்டர், ஏன் ஆக்களே இல்லை?” என்றார் அம்மா.

அன்று ஒரு கதிரைகூடக் காலியாக இருக்கவில்லை.