யானை கட்டித் தீனி போட்ட கதை

யானையை வாங்கிவிடலாம், அதற்குத் தீனி போடுவதுதான் அரிது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. யானை கட்டும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. ஆயினும் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டரை ஆண்டுக் காலம் ஒரு யானை நின்றது. கறுப்பு நிறம், நான்கு சக்கரம், ஐரோப்பாவில் பிறந்த பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் பெயரில் இல்லை. வாங்கிய எங்கள் கணக்கில் இருந்தது.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலே நின்றது. அதனால் அத்தை வீடு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். சாலையில் பார்த்தால் பாறசாலையின் கே.எல். 19 வண்டியும் மார்த்தாண்டத்தின் டி.என். 75 வண்டியும் தோளோடு தோள் உரசிச் செல்லும்.

என் அப்பா 21 ஆண்டுகள் வளைகுடா நாட்டில் ஒரு செல்வர் வீட்டில் ஓட்டுநராக இருந்தார். அங்கே அவர் ஓட்டியது இத்தகைய பெருவண்டிதான். முன் இருக்கையில் அமர்ந்து 21 ஆண்டுகள் ஓட்டினார்; பின் இருக்கையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஊர் திரும்பியதும் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

2021 டிசம்பரில் அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. தில்லியில் பதிவான ஒன்பது வயது டீசல் வண்டி ஒன்று விலைக்கு வந்தது. புதிதாக விற்றபோது 60 இலட்ச ரூபாய்க்கு மேல்; இப்போது 13 இலட்சம். ஓடியது 62,000 கிலோமீட்டர்தான். ஏன் இவ்வளவு மலிவு? பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் பத்தை நெருங்கிய வண்டிகளை அங்குள்ளோர் வந்த விலைக்குத் தள்ளினர். தரகர்கள் அவற்றைத் தெற்கே கொண்டுவந்தனர். அங்கே கழிந்தது இங்கே கனவாயிற்று.

வண்டி வந்த நாளில் தெருவே திரண்டது. அப்பா பாட்டியைப் பின் இருக்கையில் அமர்த்திக் களியக்காவிளை வரை சென்று வந்தார். "மெத்தையிலே இருந்து போன மாதிரி இருக்குடே" என்றாள் பாட்டி. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு 13 இலட்சம் தகும் என்றே அன்று நான் எண்ணினேன்.

முதற் செலவு அலுவலகத்தில் தொடங்கியது. வேறு மாநில வண்டியை ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். தில்லியிலிருந்து தடையின்மைச் சான்று வரவேண்டும். இங்கே வரி கட்டவேண்டும். எங்களுக்கு வரியைக் கணக்கிட்டபோது அலுவலர் பார்த்தது நாங்கள் கொடுத்த 13 இலட்சத்தை அன்று. வண்டி புதிதாக விற்ற விலையை. கழிந்த ஆண்டுகளுக்குக் கழிவு தந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் பாடம் ஒன்று கிடைத்தது. வண்டி தன் பழைய விலையை மறப்பதில்லை.

இரண்டாம் பாடத்தை மார்த்தாண்டத்து மெக்கானிக் கற்பித்தார். ஆறாம் மாதம் ஒரு காலையில் வண்டி முன்பக்கம் சாய்ந்து கிடந்தது. காலொடிந்த மாடு போல. இத்தகைய வண்டிகளில் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர்க் காற்றுப்பைகள் உடலைத் தாங்குகின்றன. காற்றை நிரப்ப ஒரு கம்ப்ரசர் உண்டு. பை வெடித்துக் காற்று கசிந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஓடி ஓடிச் சூடேறிக் கருகும். முதலில் பையை மட்டும் மாற்றியிருந்தால் போதும்; நாங்கள் இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். அதனால் பையும் போயிற்று, கம்ப்ரசரும் போயிற்று.

"ஓடுனது 62,000 தானே?" என்று அப்பா கேட்டார்.

"ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, அண்ணாச்சி, வருஷந்தான் தெரியும். வண்டிக்கு வயசாகும், சாமான் விலைக்கு வயசே ஆகாது" என்றார் மெக்கானிக்.

இந்த ஒரு வாக்கியத்தில் பொருளியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்டியின் விலை 60இலிருந்து 13ஆக இறங்கலாம். அதற்குள் இருக்கும் உறுப்புகள் 60 இலட்சத்து வண்டியின் உறுப்புகளே. 13 இலட்சம் கொடுத்தவன் 60 இலட்சக்காரனின் பட்டியலைக் கட்டவேண்டும்.

அப்பா வியந்து நின்றார். 21 ஆண்டுகள் அவர் அறியாத வண்டியா? ஓட்டுவது, துடைப்பது, ஓசை கேட்டுக் குறை சொல்வது எல்லாம் அறிவார். ஆனால் பணிமனைச் சீட்டை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அது முதலாளியின் மேசைக்குப் போயிற்று.

மூன்றாம் பாடத்தை நான் மறக்க முடியாது. 2023 அக்டோபர், துலா மழை. நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சு முட்டியது. பின் இருக்கையில் கிடத்தி நெய்யாற்றின்கரைக்கு விரைந்தோம். உதியன்குளங்கரை கடந்து அமரவிளையை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி கியர் மாறாமல் உறுமியது, பிறகு நின்றது. வாழ்நாள் முழுதும் கியர் எண்ணெய் மாற்ற வேண்டா என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஆனால் கியர்ப்பெட்டி செய்யும் செர்மானிய நிறுவனமான இசட். எஃப். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், மாற்றச் சொல்கிறது. இதை நான் பிறகுதான் படித்தேன். அன்று படித்து என்ன பயன்? மழையில் பாட்டியின் கை என் கையில் குளிர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோக்கார மாமாவைத் தொலைபேசியில் அழைத்தோம். பத்து ஆண்டுக்கு மேலான ஆட்டோ, கூரையில் ஒழுகும். அதுதான் பாட்டியை மருத்துவமனை சேர்த்தது. பாட்டி பிழைத்தாள். மாமா கூலி வாங்கவில்லை. அப்பா அன்று விடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

விடிந்ததும், முன்பு வளைகுடாப் பணம் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். இதுவரை எழுதாமல் விட்டதையெல்லாம் எழுதினார். கியர்ப்பெட்டி பழுது பார்த்து முடிந்தபின் கணக்கு இப்படி இருந்தது: டயர்கள் 96,000, காற்றுப்பைகள் 84,000, கம்ப்ரசர் 72,000, கியர்ப்பெட்டி 2,35,000, மற்றவை 1,18,000. ஆக 6,05,000 ரூபாய். அந்த ஆண்டு தங்கையின் செவிலியர் படிப்புக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. அதை அப்பா கணக்கில் எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தார்.

வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. அப்போது ஒரு சிறு விளக்கு மீண்டும் எரிந்துகொண்டிருந்தது. தரகர் வந்தார். "கருவியை மாட்டி விளக்கை அழிச்சிடலாம், ஒரு வாரம் எரியாது. அதுக்குள்ளே வித்துடலாம்" என்றார்.

தோழர்களே, 1970இல் ஜார்ஜ் அகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று இதழ்கள் அதை வெளியிட மறுத்தன. அக்கட்டுரைக்காகவே 2001இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது எளியது. குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் ஐயத்தின் விலையையே தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். நாளடைவில் சந்தையில் சொத்தை வண்டியே மிஞ்சும். நாங்கள் வாங்கிய இடம் அந்தச் சந்தை. இப்போது அதே சந்தையில் நாங்கள் விற்பவர்களாக நின்றோம்.

அப்பா அகர்லாப்பைப் படித்தவர் அல்லர். ஆனால் விளக்கை அழிக்க ஒப்பவில்லை. வந்தவர்களிடமெல்லாம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். முதலில் வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், இரண்டாமவரும் போய்விட்டார். மூன்றாமவர் ஒரு மணி நேரம் படித்தார். தரகர் சொன்னதைவிட 1,20,000 குறைத்துக் கேட்டார், 5,50,000க்கு முடிந்தது. வண்டியோடு நோட்டில் அந்தப் பக்கங்களையும் அப்பா கிழித்துக் கொடுத்தார்.

"நட்டந்தானே அப்பா?" என்று கேட்டேன்.

"மக்களே, 21 வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டினேன். சம்பளம் தந்தது ஓட்டினதுக்கு மட்டுமில்ல, நம்பினதுக்கு" என்றார்.

அத்தகைய வண்டி தீயது என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் அதன் ஓட்டம் அழகு. அதன் காவல் பெரிது. வாங்க விரும்புவோர் மூன்று செய்க. விலையில் பாதியையேனும் பழுதுக்கென்று தனியே வையுங்கள். தெருவில் ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், ஓர் இரவு நிறுத்திக் காலையில் பாருங்கள். சாய்ந்திருக்கிறதா என்பது தெரியும். தாள்களைத் துருவிப் பாருங்கள். 2025 செப்டம்பரில் பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொணர்ந்த பழைய வண்டிகள் என்று ஐயுற்றுச் சுங்கத்துறை கேரளமெங்கும் தேடியது நினைவிருக்கும்.

இப்போது எங்கள் முற்றத்தில் ஒரு சிறிய பழைய கார் நிற்கிறது. சாமான் பாறசாலையிலேயே கிடைக்கும். பின் இருக்கை குறுகியது; பாட்டி முணுமுணுக்கிறாள். ஆயினும் அழைத்தபோதெல்லாம் அது நெய்யாற்றின்கரை வரை சென்று திரும்புகிறது. அம்மாவின் வளையல்களும் திரும்பிவிட்டன.