பஞ்சலிங்க அருவியும் பாலாற்றங்கரை ஈசனும்

உடுமலைப்பேட்டைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது திருமூர்த்தி மலை. பனியன் நகரமாகிய திருப்பூரிலிருந்து பல்லடம், குடிமங்கலம், உடுமலை வழியாக இங்கு வந்து சேரலாம். குற்றாலத்தை அறிந்த அளவுக்கு, இம்மலையிலுள்ள பஞ்சலிங்க அருவியைக் கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ள அன்பர்கள் அறிந்திருக்கவில்லை.

அடிவாரத்தில் பாலாற்றங்கரையில் கோயில் கொண்டிருப்பவர் அமணலிங்கேஸ்வரர். பெரும் பாறையே இங்கு சந்நிதி. அத்திரி முனிவரின் பத்தினியான அனுசூயையின் கற்பைச் சோதிக்க மும்மூர்த்திகளும் துறவியராக வந்து, ஆடையின்றி அமுது படைக்க வேண்டினர். அவள் தன் தவ வலிமையால் மூவரையும் மழலைகளாக்கித் தாயாக நின்று பாலூட்டினாள் என்பது தல வரலாறு. 'அமணம்' என்ற சொல்லுக்கு இக்கதையையே காரணமாகக் கூறுவர். பாறைச் சிற்பத்தைக் கண்டு, முற்காலத்தில் இது சமணத் தலமாக இருந்திருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அதனால் இன்று கூப்பும் கரங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

கோயிலிலிருந்து காட்டு வழியாக ஏறினால் அருவியை அடையலாம். அதனருகே ஐந்து லிங்கங்கள் உள்ளன என்பது ஐதிகம். பெயரும் அதனால் வந்ததே. தொலைவு அதிகமில்லை, ஆயினும் ஏற்றம் ஏற்றமே. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியும் துணையும் இன்றிப் புறப்படலாகாது. கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் விடமாட்டா. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த வனம் இது. சோப்பையும் நெகிழிப் பைகளையும் மேலே கொண்டு செல்லாதிருப்பதும் இறைபணியே.

ஒன்றை மட்டும் அன்பர்கள் மறக்கவே கூடாது. குருமலை, குழிப்பட்டி முதலிய மேல்மலைகளில் கனமழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் காயும் பொழுதிலும் அருவியில் செந்நீர் பெருக்கெடுத்து வரும். அவ்வெள்ளம் பல ஆண்டுகளில் கோயிலைச் சூழ்ந்து, சந்நிதிக்குள்ளும் புகுந்து, பூசையே நின்றதுண்டு. ஆதலால், குளிக்கத் தடை என்று வனத்துறையினர் கூறினால், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று வாதிடாமல் திரும்பிவிடுவதே அறிவுடைமை. இறைவனுக்கே வழிவிடாத வெள்ளம் நமக்கா வழிவிடும்?

ஏற இயலாத முதியோர் ஏங்கவும் வேண்டியதில்லை. மேலே அருவியாய் விழும் நீரே கோயிலின் அருகே பாலாறாய் ஓடுகிறது. வெள்ளமில்லாத நாள்களில் அதில் கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு, சந்நிதிக்குச் செல்லலாம். இளையவர்கள் மலையேறித் திரும்பும் வரை ஆற்றோரப் பாறைகளில் அமர்ந்து திருநாமம் சொல்லிக்கொண்டிருக்கும் மூதாட்டியரை விடுமுறை நாள்களில் காணலாம்.

ஆடி அமாவாசைக்கு முன்னாளில் உழவர்கள் குடும்பத்தோடு மாட்டு வண்டி கட்டி வருவர். இன்றும் அவ்வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. மகா சிவராத்திரிக்குப் பூலாங்கிணற்றிலிருந்து திருச்சப்பரம் வந்து சேரும். அவர்கள் வேண்டுவது பெரும்பாலும் மழையைத்தான். பாலாற்று நீர் சென்று சேரும் திருமூர்த்தி அணை கோயிலுக்கு அருகிலேயே உள்ளது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கால்வாய் நீரும் அங்கேயே வந்து கூடி, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் புறப்பட்டுச் செல்கிறது.