ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கார் ஓட்டப் போன மகள்!

50 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு காரை, வாங்கிய முதல் இரண்டு மாதமும் ஆட்டோக்காரர்கள் எல்லாம் முந்திப் போகிற வேகத்தில்தான் ஓட்டினாள் என் மகள். “இப்படி ஓட்டறதுக்கா இவ்வளவு கொட்டிக் கொடுத்தா?” என்று என் மாமியாருக்கு ஒரே ஆதங்கம். போதாக்குறைக்கு, பார்ப்பதற்கும் அது சினிமாவில் வருகிற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இல்லை. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஐந்து கதவு, பின்னால் சீட், மளிகைப் பை வைக்க டிக்கி எல்லாம் உண்டு. “எதிர் வீட்டு ஸ்விஃப்ட் மாதிரிதானேடி இருக்கு” என்றார். பானெட்டுக்குள் இருப்பது 2 லிட்டர் டர்போ இன்ஜின், 265 குதிரைத்திறன் என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

மகளுக்கு 31 வயது. ஐ.டி. வேலை. பாதிப் பணம் ஒன்பது வருடச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். “கல்யாணத்துக்குச் சேர்த்த பணமா?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு, “இல்லை சித்தப்பா, காருக்குச் சேர்த்த பணம்” என்று அவளே பதில் சொல்லிவிட்டாள். எனக்குப் பணத்தைப் பற்றிக் கவலையில்லை. வேகத்தைப் பற்றித்தான்.

நான் 28 வருடம் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். பிளஸ் டூ வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பையன், ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு நெடுஞ்சாலையில் பைக் ரேஸ் ஓட்டினான். திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தது என் கைதான். அந்த வாரம் நடத்த வேண்டிய பாடத்தை என்னால் நடத்தவே முடியவில்லை. என் மகளுக்கு அப்போது 12 வயது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, கார் வீட்டுக்கு வந்த அன்றே என்னிடம் சொன்னாள். “அம்மா, ரோட்ல ஒருநாளும் இதை வேகமா ஓட்ட மாட்டேன். ஓட்டணும்னு தோணினா ட்ராக்குக்குப் போவேன். நீயும் கூட வா.”

அது ரேஸ் இல்லை

‘ட்ராக் டே’ என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ரேஸ் நடக்கும் தடத்தில், கட்டணம் கட்டி, நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் தயாராக நிற்பார்கள்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்து வைத்த ஊர். அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். என் அப்பா நண்பர்களோடு பஸ் பிடித்துப் போய், சட்டை எல்லாம் புழுதியாகத் திரும்பி வருவார். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இரண்டாமவர் கருண் சந்தோக் சென்னைக்காரர்.

அதே சமயம், பொதுச் சாலையில் ரேஸ் விடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பையனின் நினைவு வரும்போதெல்லாம், அவனுக்கு இப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்திருந்தால் என்று தோன்றும்.

பொறுமைதான் முதல் தயாரிப்பு

முதல் இரண்டு மாத ஆமை வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. புது இன்ஜினின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். முதல் 1,500 கிலோமீட்டர் வரை முழு வேகத்துக்கு விரட்டக் கூடாது. புது டயரும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சரியாகப் பிடிக்காது. பிரேக் பேடும் அப்படித்தான். புது மாட்டுப்பெண் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன், வந்த அன்றே எல்லா வேலையையும் தலையில் கட்டக் கூடாது!

அடுத்தது இன்ஷூரன்ஸ். பாலிசியை வரி விடாமல் படித்தாள். போட்டி ஓட்டம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இந்தக் காப்பீடு செல்லாது என்று அதில் இருந்தது. நம் எல்லோருடைய கார் பாலிசியிலும் அந்த வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதாவது, தடத்தில் கார் சுவரில் மோதினால் ஒரு பைசா வராது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் வரும்.

“என்னடி செய்யப் போற?” என்றேன்.

“ஆறு மாசம் தள்ளிப் போடறேன்மா. ரிப்பேருக்குன்னு தனியா ஒரு தொகை சேர்த்துட்டுப் போறேன். அது சேரலைன்னா போகல.”

அந்தப் பதிலில்தான் எனக்குப் பாதி பயம் போனது.

உப்பு ஜாடியும் பிரேக் ஆயிலும்

தடத்தில் காருக்கு நிஜமான சோதனை வேகம் எடுப்பதில் இல்லை, நிற்பதில். இது என் பாடம் என்பதால் நானே சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 60-ல் போகும் காரை நிறுத்துவதைவிட 120-ல் போகும் காரை நிறுத்த பிரேக் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். அத்தனையும் வெப்பமாக மாறும். சாலையில் எப்போதாவது ஒருமுறை அழுத்துகிற மாதிரி, இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை அழுத்த வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. பிரேக் ஆயிலுக்கும் அதே குணம். ‘டாட் 4’ என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி வரும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், நகராது. காற்றை அடைத்து அழுத்தினால் உள்ளே போகும். அதேதான். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

“புது கார்தானே மேடம், எதுக்கு மாத்தணும்?” என்றார் மெக்கானிக் தம்பி. ஜெர்மன் கார், கப்பலில் வந்து, கிடங்கில் நின்று, அதன்பின் சென்னைக் காற்றில் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. சீல் உடைக்காத புது டப்பா வாங்கி மாற்றினோம். பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். பேட் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டோம்.

டயர் காற்றும் என் பாடம்தான். மூடிய இடத்தில் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். காலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்தால், டயருக்குள் இருக்கும் காற்று 40 டிகிரி சூடானதும் 38-ஐத் தொடும். நோட்டில் நான் போட்ட கணக்கு இது. டயர் அளவுக்கு மேல் உப்பினால் தரையைப் பிடிக்கும் பரப்பு குறையும். அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சூட்டோடு அளந்து, கொஞ்சம் இறக்க வேண்டும். முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். அளவுகோலை நான் வாங்கிக் கொடுத்தேன்.

பிள்ளையார் இறங்கினார்

முந்தின நாள் காரைக் காலி செய்தோம். வளைவில் காருக்குள் இருக்கும் சின்னப் பொருள்கூட பறக்கும். ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டில், குடை, வாசனைத் திரவம், சில்லறைக் காசு, தரை விரிப்பு, டிக்கியில் இருந்த ஜாக்கி எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் டாஷ்போர்டு பிள்ளையார். மாமியார் முகம் மாறிவிட்டது. “அவரை எடுத்துட்டா எப்படி?” என்றார். “என் கைப்பையிலேயே இருக்கட்டும் அத்தை, நான் அங்கதானே நிக்கப் போறேன்” என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

சக்கர போல்ட்டுகளை, கையேட்டில் சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினாள். பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தைத் தேடிப்பிடித்து, கொக்கியைக் கைக்கெட்டும்படி எடுத்து வைத்தாள்.

அப்புறம் அவளுக்கான தயாரிப்பு. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். முழுக்கைப் பருத்தி உடை, ஏனென்றால் நைலான் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பாகம் மெலிதான ஷூ. சீட்டில் முதுகு முழுவதும் சாய்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கொடிகளை அவளிடம் கேள்வி கேட்டேன். மஞ்சள் என்றால்? “முன்னாடி ஆபத்து, முந்தக் கூடாது.” சிவப்பு? “ஓட்டம் நிறுத்தம், மெதுவா பிட்டுக்கு வரணும்.” நீலம்? “பின்னாடி வேகமான வண்டி வருது.” கறுப்பு? “என்னைத்தான் கூப்பிடறாங்க.” பத்துக்குப் பத்து!

அந்த ஞாயிற்றுக்கிழமை

தை மாதம், விடிகாலை. வெயில் ஏறும் முன் இருங்காட்டுக்கோட்டை போய்விட்டோம். பெட்ரோல் பாதி டேங்குக்கு மேல் இருந்தது. குறைவாக இருந்தால், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறலாம். ஓட்டுநர்களுக்கு விளக்கக் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் இருந்த சில பெண்களில் இவள் ஒருத்தி.

முதல் ஓட்டத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஓட்டம், தனியாக. 15 நிமிடம். நான் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றேன். நேர்ப்பாதையில் அந்தக் கார் கடந்தபோது எழுந்த சத்தத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நான்காவது சுற்றில் கார் வரவில்லை.

மற்ற கார்கள் வந்தன, போயின. கொடி எதுவும் அசையவில்லை. எனக்கு வகுப்பறையும் வருகைப் பதிவேடும்தான் கண்ணில் தெரிந்தன. எத்தனை நொடியோ தெரியாது. திரும்பிப் பார்த்தால், பிட் பாதையில் மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

ஓடினேன். கண்ணாடி இறங்கியது, கருகிய வாசனை அடித்தது. “பெடல் கெட்டியாத்தான்மா இருக்கு. ஆனா நிக்க நேரம் எடுக்குது. அதான் ஒரு சுத்து மெதுவா ஓட்டி ஆறவிட்டு வந்துட்டேன்” என்றாள். பெடல் கெட்டியாக இருந்தால் ஆயில் கொதிக்கவில்லை. பேட்தான் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. சாலைக்காகச் செய்த பேட் அவ்வளவுதான் தாங்கும். ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தினாள். சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா? பானெட்டைத் திறந்து வைத்தோம்.

பயிற்சியாளர் வந்து பார்த்தார். “இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்ததே, விட்டுட்டு வந்துட்டீங்களா? நல்ல முடிவு” என்றார். பிறகு அவர் சொன்னபடி ஒரு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். பிரேக் மறுபடி தொந்தரவு தரவில்லை.

கட்டிய காசு வீணாகிறதே, மற்றவர்கள் ஓட்டுகிறார்களே என்று அவள் நினைக்கவில்லை. கார் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்தாள். 28 வருடம் பாடம் எடுத்ததில், இவ்வளவு திருப்தியான விடைத்தாளை நான் திருத்தியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் போல்ட்டுகளை மறுபடி சோதித்து, பேடை அளந்தாள். ஒரே நாளில் நன்றாகவே தேய்ந்திருந்தது. அடுத்த தடவைக்கு அதிகச் சூடு தாங்கும் பேட் வாங்க வேண்டும், அந்தச் செலவும் நோட்டில் ஏறியிருக்கிறது. பிள்ளையாரும் டாஷ்போர்டு ஏறிவிட்டார். “எத்தனையாவதா வந்தே?” என்று கேட்ட பாட்டிக்கு, “வீட்டுக்கு முதல்ல வந்தேன் பாட்டி” என்றாள்.

அடுத்த ட்ராக் டேவுக்குள் எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்க வேண்டுமாம். அனுமதி கிடைத்தால் பக்கத்து சீட்டில் ஒரு சுற்று அழைத்துப் போகிறாளாம். “எனக்கெதுக்குடி இந்த வயசுல?” என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் போன வாரம் கடைக்குப் போனபோது ஒன்றை மாட்டிப் பார்த்தேன். மீடியம் சைஸ் சரியாக இருக்கிறது.