பெற்ற கைகள்

2023 பெப்ரவரி 6ஆம் நாள் அதிகாலை, துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடபகுதியையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 50,000க்கும் அதிகமானோர் மாண்டனர். வட இலண்டனில் எம் அயலவராய் வாழும் துருக்கிய, குர்திய மக்கள் தத்தம் மண்டபங்களில் நிவாரணப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கினர். நாமும் வீட்டிலிருந்த பழந்துணிகளைப் பொதிகளாகக் கட்டிக்கொண்டு சென்றோம்.

அங்கிருந்த தொண்டர் ஒருவர் எமது பொதியை அவிழ்த்து, கிழிந்தவற்றையும் மெல்லிய பருத்தியாடைகளையும் ஒருபுறம் ஒதுக்கினார். “அங்கே பனி கொட்டுகிறது” என்று மட்டும் சொன்னார். நாம் நாணி நின்றோம்.

2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராக் கடலடி நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை முல்லைத்தீவை அழித்தது. முகாமிலிருந்த எம் உறவினர், கொளுத்தும் வெயிலில் தமக்குக் கம்பளிச் சட்டைகள் வந்து சேர்ந்ததாக அன்று எழுதியிருந்தனர். அதனைப் படித்து வருந்திய நாமே அதே பிழையைச் செய்தோம்.

மறுநாள் புதிய போர்வைகளை வாங்கிச் சென்றோம். மாலைவரை அத்தொண்டர்களுடன் நின்று, பொதிகளைப் பிரித்து, பெட்டிகளில் அளவு எழுதினோம்.

எமக்கு வேண்டாததை அகற்றுதல் ஈகையன்று. பெறுபவருக்கு வேண்டியதை அறிந்து கொடுத்தலே ஈகை. அகதிகளாய் வந்து பிறர் கையால் பெற்று வாழ்ந்த நாம் இதனை மறத்தல் தகாது.