பசு ஒரு வீட்டு விலங்கு, எங்கள் வீடு நாலாம் மாடி



சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவது என் வார இறுதி வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் வயிறு குலுங்கச் சிரிக்க இதைவிட நல்ல வழி இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

பிள்ளைகளின் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். இத்தாலியர் வீடுகளைத் துப்புரவாக்குவதும் அங்குள்ள முதியவர்களைப் பராமரிப்பதும்தான் பலருக்கும் தொழில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இத்தாலியன், சந்தைத் தெருவில் சிசிலிப் பேச்சு, வீட்டில் தமிழ்.

இவர்களிடம் ‘பசு’ என்று தலைப்புக் கொடுத்தால், ஊரில் நாங்கள் எழுதிய அதே வசனங்கள்தான் வரிசை பிசகாமல் வரும். நான்கு கால், இரண்டு கொம்பு, பால் தரும். நடுவில் ஒரு சின்னவள் மட்டும் இப்படி எழுதி வைத்தாள்: “பசு ஒரு வீட்டு விலங்கு என்று புத்தகத்தில் இருக்கு. எங்கள் வீடு நாலாம் மாடி.” அவ்வளவுதான் கட்டுரை. அதற்குமேல் எழுத அவளுக்கு ஒன்றுமில்லை, கேட்க எனக்கும் ஒன்றுமில்லை.

புத்தகத் தலைப்பைக் கொடுத்தால் புத்தகம்தான் திரும்பி வரும். ஆகவே, பிள்ளைக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத விஷயங்களையே இப்போது கேட்கிறேன். ‘அம்மம்மா’ என்ற தலைப்புக்கு வந்தது இது: “அம்மம்மா சுன்னாகத்தில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வருவா. அவவுக்கு நெற்றி மட்டும்தான் இருக்கு. வாய் எங்கே என்று தெரியாது, ஆனால் சத்தம் வரும்.”

‘அம்மாவின் வேலை’ பற்றி இன்னொருவன் எழுதினான்: “எங்கள் வீட்டில் இரண்டு அறை, நாலு பேர். அம்மா வேலை செய்யும் வீட்டில் ஒன்பது அறை, ஒரு பாட்டி. அந்த வீட்டில் ஊத்தையாக்க ஆள் இல்லை. ஆனாலும் அம்மா தினமும் கூட்டுறா.” பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இவன் நாலு வரியில் முடித்துவிட்டான். ‘கூட்டுறா’ என்பதைக் ‘கூட்டுகிறார்’ என்று திருத்தப் பேனாவை எடுத்தேன், திருத்தாமலே மூடிவிட்டேன்.

சாமியையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. இந்த ஊரின் காவல் தெய்வம் சாந்தா ரோசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது, பெல்லெக்ரினோ மலையில் கிடைத்த அவருடைய எலும்புகளை நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் விலகியது என்பது நம்பிக்கை. அந்த மலைக் குகைக் கோயிலுக்கு நம் சைவக்காரரும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். ஒரு சிறுமியின் விளக்கம்: “முருகனும் மலையில். ரோசாலியாவும் மலையில். கீழே இருந்தால் சனம் எல்லாத்துக்கும் வந்து கேட்கும். மலை என்றால் தேவையானதை மட்டும் கேட்கும்.”

1992ஆம் ஆண்டு இத்தாலியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை 18 வயது வரை இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்திருந்தால், அந்த வயதில் குடியுரிமை கேட்கலாம். ‘நான்’ என்ற தலைப்பில் ஒருவன்: “நான் பலெர்மோவில் பிறந்தேன். 18 வயதில் இத்தாலியன் ஆவேன். இப்போதைக்குப் பலெர்மோக்காரன் மட்டும்.”

இவர்களில் ஒருவர்கூடப் பகிடி விடவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்டதை அப்படியே கணக்குச் சொல்கிறார்கள். எதை வெளியே சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் கற்றுவைத்திருக்கும் பாடம் அவர்களுக்கு இன்னும் ஏறவில்லை. சிரிப்பு வருவது அங்கேதான்.

இத்தாலி இதை ஏற்கெனவே ஒருமுறை அறிந்துகொண்டது. நேப்பிள்ஸுக்கு வடக்கே அர்சானோ என்ற ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த மார்செல்லோ தோர்த்தா, மாணவர்களின் 60 கட்டுரைகளைத் தொகுத்து 1990இல் நூலாக்கினார். ‘இயோ ஸ்பெரியாமோ கே மே லா கவோ’ (நான் எப்படியும் தப்பிவிடுவேன் என்று நான் நம்புகிறோம்) என்ற தலைப்பே ஒரு பிள்ளையின் வசனம். ஒருமையும் பன்மையும் முட்டிக்கொள்ளும் அதன் இலக்கணப் பிழையை நீக்காமலே அட்டையில் அச்சிட்டார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1992இல் லீனா வெர்ட்முல்லர் அதைப் படமாக எடுத்தார். அதில் பள்ளி ஆசிரியராக நடித்தவர் நகைச்சுவை நடிகர் பாவ்லோ வில்லாஜ்ஜோ. நாடே சிரித்தது. சிரித்தபடியே தெற்கின் வறுமையையும் கமோராக் குற்றக் கும்பல்களையும் பிள்ளைகளின் கையெழுத்தில் படித்தது.

அதற்கு முன்பே, 1967இல், பிளாரன்ஸுக்கு அருகிலுள்ள மலைக் குக்கிராமமான பர்பியானாவில் பாதிரியார் லொரென்சோ மிலானியின் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ எழுதினார்கள். அதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சையில் விழுத்தி வெளியே அனுப்பும் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூண்டில் ஏற்றினார்கள்.

இரண்டு நூலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முதலாவதில் பிள்ளைகள் எழுதியதை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். இரண்டாவதில் எதைச் சொல்வது என்பதைப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். ஒரே கொப்பியில் சிரிப்பும் குற்றச்சாட்டும் இரண்டும் இருக்கும். சிரித்துவிட்டுக் கொப்பியை மூடினால் முதலாவதோடு நின்றுவிடுவோம்.

படிப்பிக்கிறவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் வரியைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுச் சிரிக்காதீர்கள். அது தெரிந்த பிள்ளை அடுத்த முறை பசுவைப் பற்றித்தான் எழுதும். பிழைகளைத் திருத்த நாட்கள் கிடக்கின்றன. முதலில், எழுதியது உண்மையா என்று பாருங்கள். உண்மை என்றால் முழுப் புள்ளி போடுங்கள்.