குடம்புளியும் குப்பியும்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் தொடக்கத்தில், மருத்துவர் என் எடையைக் கண்டு முகம் சுளித்தார். இரவுச் சோற்றை நிறுத்துமாறும் நாள்தோறும் நடக்குமாறும் கூறினார். இரண்டுமே எனக்குக் கசந்தன. அவ்வேளையில்தான் எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மாத்திரைக் குப்பியொன்றைக் கொண்டுவந்தார். "பாதர், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால ஒண்ணு போடுங்க. பசியே தெரியாது" என்றார். வேலை கிடைக்காமல் சோர்ந்து, கையிருப்பையெல்லாம் போட்டு அக்குப்பிகளை வாங்கி விற்கத் தொடங்கியிருந்தவர் அவர். அவருக்கு உதவவே வாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாயைக் கட்டும் சிரமத்திலிருந்து எனக்கொரு விடுப்பு வேண்டியிருந்தது.

பங்கு இல்லத்தில் சமைக்கும் மூதாட்டி குப்பியின்மேல் இருந்த படத்தை உற்றுநோக்கினார். பூசணியைப்போல் வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த சிறு மஞ்சள் கனி. "இது நம்ம கொடம்புளில்லா பாதர்! இதப் போட்டு மீன்கறி வச்சா இன்னும் ரெண்டு கரண்டி சோறுல்லா கேப்பீங்க!" என்று சிரித்தார். குமரி மாவட்டத்து அடுக்களைகளில் கறுத்து உலர்ந்து கிடக்கும் அதே புளிதான், கார்சீனியா கம்போஜியா என்னும் பெயர் சூடி, பசியடக்கியாக எம்மிடம் திரும்பி வந்திருந்தது.

உயிர்ப்புப் பெருவிழாவிற்குள் என் எடை மூன்று கிலோ குறைந்தது. மாத்திரையின் மகிமை என்றே எண்ணினேன். நண்பரான மருத்துவர் ஒருவர்தாம் என் கண்களைத் திறந்தார். அக்கனியிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் எலிகளின் உணவு வேட்கையைக் குறைத்ததென 1970-களின் ஆய்வுகள் கண்டன. மனிதரிடம் நடந்த சோதனையொன்று 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 135 பேர் 12 வாரங்கள் உணவைக் குறைத்துண்டனர். ஒரு பிரிவினர்க்கு அக்கனியின் சாறும், மறு பிரிவினர்க்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. சாறு உண்டோர் சராசரியாக 3.2 கிலோ குறைந்தனர். வெற்று மாத்திரை உண்டோர் 4.1 கிலோ குறைந்தனர். அவ்வேறுபாடும் தற்செயலாக நேரக்கூடியதே. என்னைக் குறைத்ததும் நிறுத்திய இரவுச் சோறும் நடந்த நடையுமே. இச்சாறு கலந்த மாத்திரைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் பழுதுபட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. பசியை மெய்யாகவே குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு. அவை மருத்துவர் ஆய்ந்து தரவேண்டியவை, வீடுவீடாக விற்கத்தக்கவை அல்ல.

இதற்குள் வேறொன்று நிகழ்ந்திருந்தது. "பாதரே சாப்பிடுகிறார்" என்னும் சொல் பங்கு முழுதும் பரவியிருந்தது. தையல் வேலை செய்யும் தாயொருவர், திருமணத்திற்கு நின்ற தம் மகளுக்காக ஆறுநாள் கூலியைக் கொடுத்து ஒரு குப்பி வாங்கியிருந்தார். நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் மேசைமேல் அக்குப்பியை வைத்திருந்ததே போதிய விளம்பரமாயிற்று. அப்பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கக் கூசினார். நான் கொடுக்கக் கூசினேன். இளைஞரிடம் உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "முன்னாலயே சொல்லியிருக்கலாமே, பாதர்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

குருமடத்தில் நாங்கள் கற்ற காசியன் என்னும் பண்டைத் துறவி, உடலுக்கு உடல் வலிமை வேறாதலால் நோன்பின் அளவு எல்லார்க்கும் ஒன்றாகாது என்பார். ஆயினும், இன்னும் சிறிது உண்ணும் ஆவல் இருக்கையிலேயே எழுந்துவிடுவது எவர்க்கும் இயலும் என்பார். இதை ஆண்டுதோறும் மறையுரையில் எடுத்துரைத்தவன் நான். பசி தெரியாமலே நோன்பிருக்க வழிதேடியவனும் நானே. பசியைத் தாங்கி அறியாதவன், பசித்து வருபவனின் முகத்தை எப்படிப் படிப்பான்?

மூதாட்டி இன்றும் குடம்புளி இட்டே மீன்கறி வைக்கிறார். மூன்றாம் கரண்டிச் சோற்றுடன் அருகில் வந்து நிற்கிறார். போதும் என்று கைகாட்டுவது எனக்கு இன்னமும் கடினமாகவே இருக்கிறது.