சும்மா ஒரு எட்டு

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்று ஓர் ஆணிடம் கேட்டால் "சும்மா" என்ற ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது. எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் எத்தனையோ பேர் சும்மா போகிறார்கள், டீக்கடை வாசலில் சும்மா நிற்கிறார்கள், ஒன்பது மணிக்குச் சும்மா திரும்பி வருகிறார்கள். பெண்ணுக்கு அந்தச் சொல் செல்லாது. வாசற்படி தாண்ட அவளுக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். கோயில், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தையல்காரர், சொந்தத்தில் ஒரு துக்கம். வகுப்பில் ஆண்பால் பெண்பாலை விகுதி காட்டித்தான் நடத்துகிறோம். விகுதியே இல்லாத இந்தச் சொல் ஆண்பால் என்பதை எந்த இலக்கணமும் குறிக்கவில்லை.

காலம் காலமாக இப்படித்தான் என்பார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு நினைவுக்கு வரும். நப்பண்ணனார் பாடியது. மதுரைக்காரர்கள் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் கூட்டமாகத் திருப்பரங்குன்றத்துக்குப் போகிறார்கள். முருகனைக் கும்பிடுவதோடு முடிவதில்லை. குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள், குழலும் யாழும் வாசிக்கிறார்கள். அங்கே ஓர் ஓவிய மண்டபம் இருக்கிறது. இது யார், அது யார் என்று கேட்பதும் சொல்வதுமாகச் சுவர்ச் சித்திரங்களின் முன்னால் நிற்கிறார்கள். நம்முடைய பழைய மியூசியம் காட்சி இதுதான் என்று மாணவிகளிடம் சொல்வதுண்டு. அந்தச் சித்திரங்களில் ஒன்று அகலிகை கல்லான கதை. "ஊர் சுத்தப் போன பொம்பளைங்களுக்குப் பாத்துப் பாத்து இதைத்தான் வரைஞ்சு வச்சாங்களா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். உரையாசிரியர்களிடம் அதற்குப் பதில் இல்லை. அதே பாட்டில் ஒரு சிறுமி பாறைகளுக்கிடையே வழி தவறிவிடுகிறாள். தன் ஆட்களைக் கூப்பிடுகிறாள். குகை எதிரொலிக்கிறது. அதை அவர்கள் குரல் என்று நம்பி அந்தப் பக்கமே போகிறாள். உன்னை யார் இங்கே வரச்சொன்னது என்று பாட்டில் அவளை யாரும் கேட்கவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வெளியே போகிறேன். பெரும்பாலும் முதலில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நானும்தான். ஆனால் அதிக நேரம் நிற்பது கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு. வளைவுகள், தடித்த சுவர், சித்திரை வெயிலிலும் உள்ளே இருக்கும் குளிர்ச்சி. இது கோடைக்கால அரண்மனை. பொழுதைப் போக்குவதற்காகவே எழுப்பியது. வேறொரு ஊர் அருங்காட்சியகத்தில் காவலாளி ஒருவர் என்னையும் என் பின்னாலும் பார்த்துவிட்டு, "பிள்ளைங்கள்லாம் எங்கம்மா?" என்றார். டீச்சர் என்று முகத்தில் எழுதியிருக்கிறது போலும். பிள்ளைகள் இல்லாத டீச்சருக்கு அங்கே என்ன வேலை?

பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்டவள் மங்கம்மாள். சாலைகள் போட்டாள். வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் கட்டினாள். ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் ஒன்று இன்னும் நிற்கிறது. அவளுடைய முடிவைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. சொந்த அரண்மனையிலேயே அடைத்துவைத்து, கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத தூரத்தில் சாப்பாட்டை வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்களாம். அதில் வரலாறு எவ்வளவு என்று வரலாற்றுத் துறையினர் பார்த்துக்கொள்ளட்டும். ஊருக்கெல்லாம் சோறு போட்டவளுக்கு இப்படி ஒரு சாவைச் சொல்லிச் சொல்லி இத்தனை தலைமுறையாக வைத்திருக்கிறோமே, அதைத்தான் நான் யோசிக்கிறேன். தமுக்கத்திலிருந்து வெளியே வரும்போது எப்போதும் நல்ல பசி.

ஓட்டலில் நுழைந்ததும் முதல் கேள்வி: "பார்சலாம்மா?" தனியாக வருகிற பெண் வேறு யாருக்கோ வாங்க வந்தவள் என்பதில் சந்தேகமே இல்லை. "இல்லண்ணே, இங்கதான்" என்றால் கை தானாகக் குடும்ப அறைப் பக்கம் நீளும். குடும்பம் இல்லாமல் குடும்ப அறையில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? ஹாலில், நடு மேசையில் உட்காருவேன். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இந்த மண்ணில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்கவைக்க 1957இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பெண்ணுக்கு அப்படி எழுதிய பலகை இல்லை. பார்வை இருக்கிறது. நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசித் தோசையின் ருசி, அடுப்படியில் நின்றுகொண்டு, ஆறிய சட்னியோடு. இங்கே கல்லிலிருந்து எடுத்த சூட்டில் என் முன்னால் வந்து இறங்கும். முதல் விள்ளலை வாயில் வைக்கும்போது பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

எனக்குச் சம்பளம் இருக்கிறது, சொல்லிவிடுவேன். சம்பளம் இல்லாதவர்களுக்கு 2021 மே மாதத்துக்குப் பிறகு சாதாரணக் கட்டண டவுன் பஸ் இருக்கிறது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "பரங்குன்றம் வரைக்கும் போயிட்டு இதே பஸ்ஸுல திரும்பிருவேன் தாயி. சும்மா, காத்தாட." எந்தக் கணக்கிலும் வராத பயணம்.

சினிமா என்றால் அம்மா. அவள் காலத்து மதுரையில் தங்கம் தியேட்டர் இருந்தது. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, கையில் முறுக்கும் இடுப்பில் பிள்ளையுமாக மதிய ஆட்டத்துக்குப் போவார்கள். இடுப்பில் இருந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அப்பாவுக்கு மில்லில் நாலு மணிக்கு ஷிப்ட் முடியும். அதனால் இடைவேளை மணி அடித்ததும் அம்மா எழுந்துவிடுவாள். அப்பா ஒரு வார்த்தை திட்டியதில்லை. வரும்போது காபி தயாராக இல்லையென்றால் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அது மூன்று நாள் நீளும். இப்படி அம்மா பார்த்த படமெல்லாம் பாதிப் படம். 'முதல் மரியாதை' 1985இல் வந்தது. குயில் யாரைக் கொன்றாள், ஏன் கொன்றாள் என்பது அம்மாவுக்குப் பல வருஷம் கழித்து டிவியில்தான் தெரிந்தது. "இதுக்காகவா அந்தப் புள்ள ஜெயிலுக்குப் போச்சு?" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது என் சனிக்கிழமைகளில் சிலவற்றுக்கு அம்மாவும் வருகிறாள். மியூசியத்துக்கு மட்டும் மாட்டாள். "செத்தவுக துணியக் காசு குடுத்தா பாக்கணும்?" காசு கிடையாது என்று சொல்லியும் பயனில்லை. ஓட்டலில் இட்லி தவிர வேறெதுவும் சொல்லமாட்டாள், என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். தியேட்டரில் இடைவேளை விளக்கு எரிந்ததும் இன்னமும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிடுகிறாள். கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். படம் முடிந்த பிறகு எழுப்புவது அதைவிடப் பாடு. திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை, துடைக்க வந்த பையன் விளக்குமாறோடு காத்து நிற்க, அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. "போலாமாம்மா?" என்றால், "இருடி, இன்னும் ஓடுதுல்ல" என்கிறாள்.